காலியாக விட்ட பத்தொன்பது கட்டங்கள்

ஹம்லே 4, திங்கள்

காலையிலிருந்து மழை விடவில்லை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் முதலாளி பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் பதில் சொல்லவும் வேண்டாம். மழைக்காலம் எனக்கு அதனால்தான் பிடிக்கும்.

அலுவலகத்துக்குப் புது வேலை வந்திருக்கிறது. ஏதோ ஓர் அரசாங்கத் துறையின் பழைய பதிவுகள், ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். ஆட்களின் பெயர்கள் இல்லை, கோப்பு எண் மட்டும்தான். உள்ளே எல்லாமே எழுத்தாகக் கிடக்கிறது. எண்ணும் எழுத்து, தேதியும் எழுத்து, ஆம் இல்லை என்பதும் எழுத்து. பத்து வருடமாக யார் யாரோ மனம்போன போக்கில் தட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணை எண்ணாக, தேதியைத் தேதியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுடைய புது ப்ரோக்ராம் அதைப் படிக்கும்.

நான் இங்கே பெருக்கவும் காப்பி போடவும் வந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறென்ன வேலை கிடைக்கும்? ஒரு நாள், இங்கே ப்ரோக்ராம் எழுதும் ரெடியட்டின் திரையைத் துடைக்கும்போது ஒரு தப்பான வரியின்மேல் விரலை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னையும் சரிபார்க்க உட்கார வைத்துவிட்டார்கள்.

"இவளுக்கு வாய்தான் இல்ல, கண்ணு பருந்துக் கண்ணு" என்றாள் ரெடியட்.

"வாய் இல்லாதது நல்லதுதான்" என்றார் கஷே வுப்ஷெத். கஷே என்றுதான் முதலாளியை எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிறோம். "நீ ஒருத்தி பேசுறதே இந்த ஆபீஸுக்குப் போதும்."

ஹம்லே 6, புதன்

ஆம் இல்லை கட்டம். ரெடியட் எழுதிய மாற்றத்தை ஓட்டினால் ஆறாயிரம் வரியும் ஆம் என்று வந்து நிற்கிறது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு புரிந்தது. கட்டம் காலியாக இருந்தால் இல்லை, ஏதாவது எழுதியிருந்தால் ஆம் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் அது ஏதோ எழுதியிருப்பதுதானே. அதுவும் ஆம் ஆகிவிட்டது!

சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.

"ஏண்டி, ரெண்டு முழ தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு தபால் போடுறியே" என்று சிரித்தாள். ஆனால் சரிசெய்துவிட்டாள். இனி எல்லாவற்றையும் இப்படியே எழுதிக் கொடு என்றாள். நிம்மதியாக இருந்தது.

பள்ளியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எழுந்து நின்று பாடத்தைப் படி என்றார்கள். நின்றேன், படிக்கவில்லை. மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் போகவில்லை. அம்மாவை எமயே என்றுதான் கூப்பிடுவேன். எமயே என்னைத் திட்டக்கூட இல்லை. இன்ஜெரா அப்பம் சுடும் அடுப்புக்கு முன்னால் எனக்கும் ஒரு முக்காலி போட்டாள். அம்மா திட்டியிருந்தால் போயிருப்பேனோ?

ஹம்லே 9, சனி

தண்ணீர்க் குழாயடியில் அடுத்த வீட்டு அஸ்னகெச். அக்கா முறை வைத்து எத்தியே என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்ன, மனதுக்குள் கூப்பிடுவேன். அவள் பேசுவாள், நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவள் மகன் தாரிகு மூன்று வருடமாகச் சிறையில் இருக்கிறான். லாரி ஓட்டியபோது ஒரு கிழவர் குறுக்கே வந்து செத்துப்போனார். வரும் பகுமே இரண்டாம் தேதி விடுதலை. தெருவில் அந்தத் தேதி தெரியாதவர்கள் இல்லை.

"அஞ்சே நாள் உள்ள மாசம் ஜினாஷ். அதுலயும் எனக்குன்னு ஒரு நாளை ஒதுக்கி வெச்சிருக்கார் பாரு கடவுள்! புது வருஷத்துக்கு என் புள்ள வீட்டுல இருப்பான்."

நான் தலையாட்டினேன்.

"உங்கம்மா உன்னைப் பெத்தாளா, செதுக்குனாளா?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

ஹம்லே 13, புதன்

தேதிக் கட்டம்.

கஷே ஒரு குறுக்கு வழி பிடித்திருக்கிறார். இயந்திரத்துக்குத் தெரிந்தது வெளிநாட்டு நாட்காட்டி. நம் தேதியை அந்த நாட்காட்டித் தேதியாகக் கணக்கிட்டு, அதன் பிறகு மாற்றுவதுதான் முறை என்று ரெடியட் நேற்றே சொன்னாள். சொல்லிவிட்டு அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் கணக்குக்கு ஒரு வாரம் ஆகும். கஷே வெள்ளிக்கிழமை கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் நம் தேதியையே, நாள், மாதம், வருடம் என்று அப்படியே உள்ளே தள்ளச் சொன்னார்.

தள்ளினேன். ஐம்பத்தெட்டு வரிகள் உள்ளே போகவில்லை.

முப்பத்தொன்பது வரிகள் டிகிம்த் மாதத்தின் 29, 30. டிகிம்த் நமக்கு இரண்டாம் மாதம். இயந்திரம் இரண்டாம் மாதத்துக்கு இருபத்தெட்டு நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. மிச்சம் பத்தொன்பதும் பகுமே. பன்னிரண்டு மாதங்களுக்கும் முப்பது முப்பது நாள், மீதி விழும் ஐந்து நாளுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதம். இது எத்தியோப்பியா என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொல்வது? பதின்மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் இது தேதியே இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. எழுத்தாகக் கிடந்தவரை எந்தத் தொந்தரவும் இல்லை. எழுத்து எதையும் தாங்கும்.

துண்டுக் காகிதம் எழுதி கஷேயின் கோப்பைக்கு அடியில் வைத்தேன். படித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"டிகிம்த் எல்லாத்தையும் இருபத்தெட்டு ஆக்கிடு. ரெண்டு நாள் முன்னாடி போனா யாரும் அழ மாட்டாங்க."

நான் நகரவில்லை.

"பகுமேயா? ஏம்மா, பகுமேக்குச் சம்பளம் உண்டா? கிடையாது. வாடகை உண்டா? அதுவும் கிடையாது. அஞ்சு நாள் வெச்சிருக்கிறதெல்லாம் ஒரு மாசமா? அந்த நாள்ல எந்த ஆபீஸ்ல என்ன நடந்துடப் போகுது? காலியா விடு. வேணும்னா அவங்களே நிரப்பிக்குவாங்க."

அந்தத் தேதிகள் எதற்கான தேதிகள் என்று கேட்டிருக்கலாம். கட்டத்தின் தலைப்பில் மு.தே. என்று மட்டும் இருக்கிறது. முடிவுத் தேதி. எதன் முடிவு? குத்தகையா, உரிமமா? வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

காலியாக விட்டேன்.

தூக்கிப்போட மனம் வரவில்லை. பத்தொன்பது வரிகளையும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். கோப்பு எண், தேதி. அவ்வளவுதான்.

ஹம்லே 15, வெள்ளி

கொடுத்தாயிற்று. திரையில் 'பிழைகள்: 0' என்று வந்தது. கஷே அதை போனில் படம் எடுத்துக்கொண்டார். பழைய எழுத்துக் கட்டத்தை அழித்துவிடச் சொன்னார். அழித்தது நான்தான்.

நெஹாசே 3, செவ்வாய்

விரதம் தொடங்கி மூன்றாம் நாள். எத்தியே அஸ்னகெச் மேல்துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுச் சுவருக்கு மண் பூசுகிறாள். மகன் படுக்கும் பக்கம் மட்டும் நீலச் சாயம்.

"பகுமே ரெண்டு என்ன கிழமை தெரியுமா? புதன்! வருஷத்துல இத்தனை நாள் இருக்க, கறி தின்னக் கூடாத நாளாப் பார்த்து என் புள்ளைய விடுறாங்க பாரு. வெறும் கடலைமாவு ஷிரோ போட்டா வரவேற்பேன்?"

எமயே சொன்னாள்: "வியாழக்கிழமை கோழி அடி. மூணு வருஷம் காத்தவன் ஒரு நாள் காக்க மாட்டானா?"

"ஒரு நாளா? இனி ஒரு மணி நேரம்கூட அவனைக் காக்க வைக்க மாட்டேன்."

நெஹாசே 19, வியாழன்

மழை. ரெடியட் ஊரிலிருந்து திரும்பவே இல்லை. தலைநகரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். அவள் நாற்காலியில் கஷே குடையைக் காயப் போடுகிறார்.

பகுமே 1, செவ்வாய்

எத்தியே அஸ்னகெச் தெரு முழுக்கத் தல்லா பீர் கொடுத்துவிட்டாள். எங்களுக்கு ஒரு பெரிய குடுவை. காய்ச்சியதில் அவன் குடிக்க என்ன மிச்சம் இருக்கும் என்று எமயே சிரித்தாள். நானும் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு.

பகுமே 2, புதன்

தாரிகு வரவில்லை.

எத்தியே அஸ்னகெச் இருட்டு விலகுமுன் சிறைக்குப் போனவள். மாலையில் தனியாக வந்தாள். ஷிரோ பாத்திரம் மூடியபடியே இருந்தது. எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து எமயேயிடம் சொன்னாள், நான் உள்ளே இன்ஜெரா அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"லிஸ்ட்டுல இல்லைன்னுட்டான். இருக்கும்யா, நல்லாப் பாருன்னேன். இப்பெல்லாம் லிஸ்ட் மெஷின்லதான் வருதாம், ரெண்டு மாசமா. மெஷினைத் தட்டிப் பார்த்தான். ஆள் இருக்கான், கோப்பு இருக்கு, முடியுற தேதி மட்டும் காலியா இருக்குங்கறான். காலின்னா என்னய்யா அர்த்தம்? தேதி இல்லைன்னு அர்த்தம்மாங்கறான். தேதி இல்லாம ஜெயிலா? என் புள்ளைய எப்ப விடுவீங்கன்னா, தெரியாதுங்கறான். தெரியாதாம்!"

காலியா இருக்கு.

மு.தே.

அடுக்கியிருந்த இன்ஜெரா சரிந்து கீழே விழுந்தது. எமயே என்னடி என்றாள். ஒண்ணுமில்ல என்றேன்.

நான்தான். கட்டத்தைக் காலி பண்ணினது நான், பழசை அழிச்சது நான். கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை, இது என்ன தேதின்னு ஒரே ஒரு வார்த்தை. வாயில என்ன வெச்சிருந்தே ஜினாஷ்?

பகுமே 3, வியாழன்

தேவதூதர் ரூபாயேலின் நாள். இன்று பெய்யும் மழை புனித மழை என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் சட்டையைக் கழற்றிப்போட்டு நனைந்தார்கள். எமயே என்னையும் வெளியே தள்ளினாள். நின்றேன். குளிர் எலும்புக்குள் போயிற்று. எத்தியே அஸ்னகெச் தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலையை மூடவில்லை, மழைக்கு முகத்தைக் காட்டவும் இல்லை. கோழி கால் கட்டியபடி கூடைக்கு அடியில் கிடந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அவளிடம் தாரிகுவின் கோப்பு எண் எழுதிய சீட்டு இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் சோறு கொண்டுபோகும்போது காட்டுவாள், நானே பார்த்திருக்கிறேன். 1187. என் பக்கத்தில் ஏழாவது வரி. 1187, 2/13.

இந்த வருடப் பகுமே என்று மூன்று பேர் இருக்கிறார்கள். 1187. 0763, நான்காம் தேதி. 2210, ஐந்தாம் தேதி. மற்றவை அடுத்தடுத்த வருடங்கள்.

கஷேக்குப் போன் செய்தேன். வாழ்க்கையில் நானாக யாருக்கும் போன் செய்தது இல்லை. பண்டிகைக்குத் தலைநகர் போயிருக்கிறார், பின்னால் பாட்டுச் சத்தம்.

"எந்த வேலை? அதுவா? அது முடிஞ்ச கதைம்மா. பிழை சைபர்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க."

அவை விடுதலைத் தேதிகள் என்றேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டுச் சத்தம் தூரமானது, எழுந்து வெளியே வந்துவிட்டார் போல. பிறகு, "நீ யார்கிட்டயும் வாயைத் திறக்கலையே?"

"இல்ல கஷே."

"நல்ல பொண்ணு. உனக்கு அதுதான் அழகு. பண்டிகை முடியட்டும், பார்த்துக்கலாம்."

நல்ல பொண்ணாம்.

பகுமே 4, வெள்ளி

போகவில்லை. சிறைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனேன், எத்தியே அஸ்னகெச் எதிரே வந்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத் திரும்பிவிட்டேன். குடம் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

0763-க்கு இன்று.

பகுமே 5, சனி

இன்று போனேன். எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்ததா என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

சிறை வாசலில் எத்தியே அஸ்னகெச் சுவரோரம் நின்றிருந்தாள். "நீ எங்கடி இங்க?" என்றாள். நேரே சன்னலுக்குப் போனேன். உள்ளே ஒரு எழுத்தர், மழைக்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். துண்டுக் காகிதம் தயாராக எழுதி வைத்திருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மனுன்னா அந்தப் பக்கம். வாய்ல சொல்றதுன்னா சொல்லு."

பின்னால் எத்தனை பேர். ஒருத்தி இடித்தாள். "ஊமையா? நகரச் சொல்லுங்க."

சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, தகரத்தைக் கீறுவது போல இருந்தது. அந்தத் தேதிகளை மாற்றியது நான் வேலை செய்யும் இடம். பதின்மூன்றாம் மாதத்தை இயந்திரம் வாங்கவில்லை. நாங்கள் காலியாக விட்டோம். இல்லை, நான் காலியாக விட்டேன். இதோ பத்தொன்பது வரிகள்.

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கங்களைப் படித்துவிடுவாரோ என்று உயிர் போயிற்று.

"கையால எழுதின நோட்டு. யார் வேணும்னாலும் எழுதலாம். இதை வெச்சு நான் கதவைத் திறக்க முடியுமா?"

"பழைய பதிவேடு இருக்குமே" என்றேன்.

"கிடங்குல இருக்கு. சாவி வெச்சிருக்கிறவர் பண்டிகைக்குப் போயிட்டார்."

திரும்பினேன். எத்தியே அஸ்னகெச் என் பின்னால் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உன் நோட்டுலயா இருந்துச்சு?" என்றாள். "என் புள்ள தேதி? ரெண்டு மாசமா? நான் தினம் தினம் உங்கிட்டதானேடி சொல்லிக்கிட்டிருந்தேன்."

அது தாரிகுவின் கோப்பு என்று எனக்குத் தெரியாது எத்தியே, பெயர் இல்லை எத்தியே, வெறும் எண்கள்தான் எத்தியே. இதில் எதையும் சொல்லவில்லை. அவளை இன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு எத்தியே என்று கூப்பிட்டேன். அதற்குமேல் வரவில்லை.

அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மெஸ்கெரெம் 1, ஞாயிறு

புது வருடம். சிறுமிகள் மஞ்சள் பூவோடு வீடு வீடாகப் பாட வந்தார்கள். அடுத்த வீட்டு வாசலில் பாடாமல் தாண்டிப் போனார்கள்.

மெஸ்கெரெம் 9, திங்கள்

தாரிகு வந்துவிட்டான். கிடங்கில் பதிவேட்டைத் தேடி எடுத்திருக்கிறார்கள், பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். பன்னிரண்டு நாள் அதிகம். ஒல்லியாக, நெற்றியில் முடி ஏறி, வேறு யாரோ போல இருந்தான். 2210-ம் வெளியே வந்துவிட்டதாம், அவர் மனைவி தினமும் வாசலில் படுத்துக் கிடந்ததால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

எத்தியே அஸ்னகெச் எமயேயை முத்தமிட்டாள். மூன்று முறை, கன்னம் மாற்றி மாற்றி. என் பக்கம் திரும்பவில்லை. கோழிக்குழம்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. இரண்டு பேருக்கு உரியதுதான் இருந்தது. எமயேக்கும், பண்டிகைக்கு வந்திருக்கும் எமயேயின் தங்கை மகனுக்கும் என்று பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

0763 பற்றி யாரும் கேட்கவில்லை.

மெஸ்கெரெம் 12, வியாழன்

கஷே என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சொன்னபோதே தெரிந்துவிட்டது.

"பேசாத பொண்ணுன்னு நம்பி வெச்சேன்" என்றார். கோபமாக இல்லை, களைப்பாக. "அந்தத் துறை இனிமே எனக்கு வேலை தருமா? சொல்லு. இப்ப மட்டும் ஏன் வாய் வரமாட்டேங்குது?"

காப்பிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். டிகிம்த் மாதத்து முப்பத்தொன்பது பேரை நினைத்துக்கொண்டேன். அவர்களை மட்டும் இரண்டு நாள் முன்னதாக விடட்டும். நான் அதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மெஸ்கெரெம் 15, ஞாயிறு

மறுபடி அடுப்புக்கு முன்னால். முக்காலி அதே இடத்தில்தான் கிடந்தது.

"அவனுக்கு வீட்டுல யாரும் இல்லையா?" என்று எமயே கேட்டாள், 0763-ஐப் பற்றிச் சொன்னதும். யாராவது இருந்தால் வாசலுக்கு வந்திருப்பார்களே.

மெஸ்கெரெம் 20, வெள்ளி

சன்னலில் அதே எழுத்தர். வெயில் வந்துவிட்டது, மழைக்கோட்டு இல்லை.

"மறுபடியும் நீயா. இப்ப என்ன?"

"0763." ஒரே மூச்சில் சொன்னேன். "பகுமே நாலு. இருபத்தோரு நாள் ஆச்சு."

"பதிவேட்டைப் பார்க்கணும்னா சொந்தக்காரங்க மனு கொடுக்கணும். நம்பரைச் சொல்லிக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் கிடங்கைத் திறக்க முடியாது."

மனுத்தாளைக் கேட்டேன். கொடுத்தார். முதல் கட்டம், கைதியின் பெயர். எழுதாமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஷிபேஷி மென்கிர். அறுபத்தோரு வயசு. நாலு வருஷமா பார்க்க ஒருத்தரும் வரலை."

ஷிபேஷி மென்கிர். எழுதினேன். இரண்டரை மாதமாக என் நோட்டில் இருக்கும் ஆளுக்கு இன்றுதான் பெயர் வந்தது.

அடுத்த கட்டம், உறவு.

"அதைக் காலியா விட்டா வாங்க மாட்டேன்" என்றார்.

மகள் என்று எழுத முடியாது. என் அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அண்ணன் மகள், தம்பி மகள் என்றாலும் மாட்டிக்கொள்வேன், தாத்தா பெயர் மூன்றாவதாக வந்து நிற்கும். தாய் வழியில்தான் பெயர்கள் எங்கும் ஒட்டுவதில்லை. யாரும் சரிபார்க்க முடியாது.

எழுதிக் கொடுத்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார், என் முகத்தைப் பார்த்தபடி.

"தாய்மாமனா?"

"ஆமா" என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "எங்க அம்மாவோட அண்ணன்."

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். சோறு கொண்டுவரலாமாம்.